பாதித் தூக்கத்தில் பார்த்த பாரதம்

எங்கள் பக்கம் அதைக் கூத்து என்று சொல்கிறவர்கள் குறைவு. 'நாடகம்' என்றுதான் சொல்வார்கள். "அந்த ஊர்ல நாடகம் வெச்சிருக்காங்க." "இன்னிக்கு இன்னா நாடகம்?" "கர்ண மோட்சம்." தெருக்கூத்து என்ற சொல்லை நான் முதலில் பாடப் புத்தகத்தில்தான் படித்தேன். கட்டைக்கூத்து என்ற சொல் அதற்கும் பிறகு, பொறியியல் முடித்து வேலைக்குச் சேர்ந்து சிறுபத்திரிகைகளைப் புரட்டத் தொடங்கிய காலத்தில் வந்தது. இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே ஒரு வழக்கே ஓடிக்கொண்டிருக்கிறது. 'தெரு' என்று சொன்னாலே மதிப்புக் குறைகிறது, தலையிலும் தோளிலும் மார்பிலும் கட்டிக்கொள்ளும் மரக்கட்டை அணிகள்தான் இந்தக் கலைக்கு அடையாளம், அதனால் கட்டைக்கூத்து என்பதே சரி என்பது ஒரு தரப்பு. புரிசைக்காரர்கள் தங்கள் மன்றத்தின் பெயரிலேயே தெருக்கூத்து என்று வைத்திருக்கிறார்கள். நான் இந்தக் கட்டுரையில் பெரும்பாலும் நாடகம் என்றே சொல்லப்போகிறேன். அதில் ஒரு வசதி இருக்கிறது. நாடகம் என்றால் நல்லா இருந்தது, நல்லா இல்லை என்று சொல்லலாம். கூத்து என்று சொன்னதும் நம் வாயில் தானாக வருவது 'அழிந்துவரும் கலை' என்ற மூன்று சொற்கள்... சரி, இரண்டு சொற்கள். அதற்குப் பிறகு எதையும் மதிப்பிட முடியாது. ஐசியூவில் இருப்பவரிடம் போய் சட்டை பொருத்தமில்லை என்று யார் சொல்வார்கள்?

பங்குனி, சித்திரை ஆனால் காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் சுவர்களில் 'அக்னி வசந்த விழா' என்று நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. ஆனி வரைக்கும் ஊர் மாற்றி ஊர் நடக்கும். பகலில் பந்தலில் பாரதச் சொற்பொழிவு, வில்லிபாரதத்தை வைத்து. இரவில் நாடகம். மதியம் கதையாகக் கேட்டது ராத்திரி வேஷம் கட்டிக்கொண்டு வரும். வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், ராஜசூய யாகம், பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கீசகன் வதம், கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர். கடைசி நாள் காலையில் படுகளம், சாயங்காலம் தீமிதி. ஊருக்கு ஊர் ஒன்றிரண்டு கூடும், குறையும். பெரும்பாலும் ஒரே கம்பெனிதான் எல்லா இரவும் ஆடும். நேற்றைக்குக் கீசகனாகச் செத்தவர் இன்றைக்குக் கிருஷ்ணனாக வந்து உட்கார்ந்திருப்பார். டிக்கெட் கிடையாது. பாய் நாம் கொண்டுபோக வேண்டும்.

அப்பா தறி நெய்பவர். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டின் முன்னறை முழுக்கத் தறிதான். சின்ன வயதில் சித்திரை மாதத்தில் என்னை சைக்கிளில் வைத்துக்கொண்டு நாடகம் பார்க்கப் போவார். பகல் முழுக்கக் குழிக்குள் காலை விட்டு மிதித்தவர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து எப்படிப் பார்த்தார் என்று இப்போது யோசித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. அப்போது நான் செய்ததெல்லாம் அவர் மடியில் தூங்கியதுதான். முகவீணை சத்தத்தில் நடுநடுவே முழித்துப் பார்ப்பேன். கண்ணாடித் துண்டு ஒட்டிய கிரீடத்தோடு யாரோ சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டிருப்பார். திரும்பத் தூங்கிவிடுவேன். கல்லூரிக்குப் போன பிறகு விட்டுப்போயிற்று.

இந்தக் கோடையில் மறுபடியும் போனேன். செவிலிமேட்டுப் பாலத்தில் பாலாற்றைத் தாண்டி, தெற்கே கொஞ்ச தூரத்தில் ஒரு ஊர். பத்து இரவும் பார்க்க வேண்டும் என்றுதான் ஆசை. வீட்டிலிருந்தே வேலை என்பதால் முடியும் என்று நினைத்தேன். ஆபீஸ் ரிலீஸ் தேதி வேறு மாதிரி நினைத்தது. அர்ச்சுனன் தபசு அன்று, அர்ச்சுனன் உயரமான தபசு மரத்தில் ஏறி நின்று எலுமிச்சம்பழம் வீசிக்கொண்டிருந்த நேரத்தில், நான் ஒரு மீட்டிங்கில் மியூட்டில் இருந்தேன். கடைசியில் முழுசாகப் பார்த்தது மூன்று இரவுகள்: பகடை துகில், கர்ண மோட்சம், பதினெட்டாம் போர். 'முழுசாக' என்பதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

1985 ஜூலையில் பிரான்ஸின் அவிஞான் நாடக விழாவில் பீட்டர் புரூக் மகாபாரதத்தை ஒன்பது மணி நேர நாடகமாகப் போட்டார். ஊருக்கு வெளியே ஒரு கல்குவாரிதான் அரங்கம். சில காட்சிகள் ராத்திரி தொடங்கி விடியும்போது முடிந்தன. உலக நாடக வரலாற்றில் பெரிய சம்பவமாக அதைச் சொல்கிறார்கள். திரௌபதியாக நடித்தவர் மல்லிகா சாராபாய். இங்கிருந்து ருஸ்தம் பரூச்சா போன்றவர்கள் அதைக் கடுமையாக விமர்சித்தார்கள். இந்தப் பிரதியை அதன் மண்ணிலிருந்து பிய்த்து எடுத்துவிட்டீர்கள் என்பது குற்றச்சாட்டு. 'பார்த்தாயா, வெள்ளைக்காரன் செய்தால் பெரிசு, நம்ம ஊரில் வருஷா வருஷம் செய்தால் கண்டுகொள்ள ஆளில்லை' என்று புலம்புவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் புலம்பலில் நியாயம் உண்டு, ஆனால் அது பழைய புலம்பல். எனக்குப் பொறாமை வேறு இடத்தில். புரூக்கின் நாடகத்தைத் திட்டினார்கள், பாராட்டினார்கள், எந்தக் காட்சி நிற்கிறது, எது விழுகிறது என்று எழுதினார்கள். நம் கம்பெனிகள் வருஷத்தில் அத்தனை இரவுகள் ஆடுகின்றன. ஒரு குறிப்பிட்ட இரவில், ஒரு குறிப்பிட்ட கம்பெனி போட்ட கர்ண மோட்சம் எப்படி இருந்தது என்று ஒரு பத்தி தமிழில் தேடினால் கிடைப்பது அபூர்வம்.

கிடைப்பது இரண்டு வகை. ஒன்று மரியாதை, இன்னொன்று பரிதாபம். மரியாதைக்கு நாம் ந. முத்துசாமிக்குக் கடன்பட்டிருக்கிறோம். 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கியவர், 'அன்று பூட்டிய வண்டி'யில் கூத்தைப் பற்றி எழுதியவர், படித்தவர்கள் ஏளனமாகப் பார்த்த ஒன்றை முழுமையான அரங்கம் என்று நிமிர்ந்து சொன்னவர். அது எளிய காரியம் இல்லை. ஆனால் அவருக்குப் பின்னால் வந்த நவீன நாடகக்காரர்களில் பலர் கூத்தை ஒரு லைப்ரரி மாதிரிப் பயன்படுத்தினார்கள். கோடு எழுதுகிறவர்களுக்குப் புரியும்: முழு புரோகிராமும் வேண்டாம், இரண்டு ஃபங்ஷனை மட்டும் இம்போர்ட் செய்துகொள்ளலாம். திரை பிடிப்பது, கட்டியக்காரன், வட்டமாகச் சுற்றி அடவு. ராத்திரியை விட்டுவிட்டார்கள்.

பரிதாபத்துக்கு உதாரணம் முரளி மனோகர் இயக்கி எஸ். ராமகிருஷ்ணன் எழுதிய 'கர்ண மோட்சம்' குறும்படம். தேசிய விருது வாங்கியது. நம்மில் பலர் யூடியூபில் பார்த்து அழுதிருக்கிறோம், நானும்தான். பள்ளிக்கூடத்தில் ஆடுவதற்காகக் கர்ணன் வேஷத்தோடு சென்னைக்கு வரும் கலைஞர், நிகழ்ச்சி ரத்தாகிவிட்டதால் கையில் காசில்லாமல் நிற்கிறார். ஓட்டலில் வேலை செய்யும் ஒரு சிறுமிக்கு ரோட்டோரத்தில் அடவு சொல்லித்தருகிறார். நல்ல படம். ஆனால் அதைப் பார்த்த பிறகு எனக்குப் பல வருஷம் கூத்துக் கலைஞர் என்றால் ஆடாமல் நிற்கிற ஒருவர் என்றே மனதில் பதிந்துவிட்டது. ஆடிக்கொண்டிருக்கிறவரை, அதுவும் சுமாராக ஆடிக்கொண்டிருக்கிறவரை, எப்படிப் பார்ப்பது என்று அந்தப் படம் சொல்லித்தரவில்லை. அது அதன் வேலையும் இல்லை.

முதல் இரவு. பகடை துகில். பத்து மணிக்கு மேல் மிருதங்கம், டோலக், பெட்டி, முகவீணை, தாளம் எல்லாம் சேர்ந்து களரி கட்டத் தொடங்கினார்கள். பெஞ்சுக்குப் பின்னால் வாத்தியக்காரர்கள், முன்னால் மண் தரை, மேலே கம்பியில் தொங்கும் இரண்டு மைக். அதற்கு அந்தப் பக்கம் தார்ப்பாய் மறைப்பில் வேஷம் கட்டுகிறார்கள். கட்டியக்காரன் வந்தார். ஊர்ப் பெரியவர்களைக் கும்பிட்டார். பிறகு பேசினார். பேசினார். என் கடிகாரப்படி நாற்பது நிமிஷம், தன் மனைவியைப் பற்றியும் அடுத்தவன் மனைவியைப் பற்றியும். கூட்டம் சிரித்தது. கொச்சையாகப் பேசுவது எனக்குப் பிரச்சினை இல்லை. கட்டியக்காரன் என்ற பாத்திரத்தையே அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். ராஜாவுக்கு எதிரே நின்றுகொண்டு ராஜாவைக் கிண்டலடிக்க அனுமதி பெற்ற ஒரே ஆள் அவர். அந்த அனுமதியை வைத்துக்கொண்டு சபையில் உட்கார்ந்திருக்கிற பெரிய மனுஷர்கள் யாரையும் தொடாமல் பெண்களை மட்டுமே கிண்டலடித்தால், அவர் தன் வேலையைச் செய்யவில்லை என்றுதான் அர்த்தம். அதுவும் இந்த இரவில், இந்த நாடகத்துக்கு முன்னால். விடியற்காலையில் ஒரு பெண்ணை சபைக்கு இழுத்து வரப்போகிறார்கள். அதைப் பார்க்க வேண்டிய கூட்டத்தை எந்த மனநிலையில் கொண்டுபோய் விடுகிறோம் என்று ஒரு நல்ல கட்டியக்காரன் யோசிப்பார்.

ஒன்றரை மணிக்கு நான் தூங்கிவிட்டேன். இதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். சுற்றிப் பார்த்த பிறகு வெட்கம் போய்விட்டது. பாதிப் பேர் தூங்குகிறார்கள். ஒரு பாட்டி அடுத்த பாட்டியிடம் "சகுனி வந்தா எழுப்பு" என்று சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்தார். இந்த நாடகம் தூக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு கட்டப்பட்டது என்று அப்போதுதான் உறைத்தது. ஒரு பாத்திரம் சொல்ல வேண்டியதை முதலில் விருத்தமாகப் பாடுகிறது, பிறகு தருவாகப் பாடி ஆடுகிறது, பின்பாட்டுக்காரர்கள் அதே அடியைத் திரும்பப் பாடுகிறார்கள், பிறகு அதையே வசனமாகப் பேசுகிறது. நடுவில் கட்டியக்காரன் "அப்ப நீங்க இன்னா சொல்ல வர்றீங்க ராஜா?" என்று கேட்டு இன்னொரு தடவை வாங்குகிறார். நெட்வொர்க்கில் பாக்கெட் தொலைந்தால் மறுபடி அனுப்புவோம். இங்கே தொலையத்தான் போகிறது என்று தெரிந்து முன்கூட்டியே நான்கு தடவை அனுப்புகிறார்கள். சென்னை அரங்குகளில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருக்கிப் போடும்போது இந்தத் திரும்பச் சொல்லல்தான் முதலில் வெட்டுப்படுகிறது. ஏசி அரங்கில் முழித்திருக்கிறவர்களுக்கு அது தேவையில்லை என்பது சரிதான். ஆனால் வெட்டிய பிறகு மிஞ்சுவது சம்பவங்கள் மட்டும். தூங்கி முழிக்கும்போது கதை கொஞ்சம் நகர்ந்திருக்கிறது, ஆனால் நமக்காகக் காத்திருந்தது போலவும் இருக்கிறது. அந்த உணர்வை உட்கார்ந்து பார்க்கும் நாடகம் எதிலும் நான் அடைந்ததில்லை.

மூன்று மணிக்கு மேல் துச்சாதனன். புடவையில் கை வைப்பதற்கு முன் எல்லாம் நின்றது. தட்டில் கற்பூரம் ஏற்றினார்கள். துச்சாதனன் வேஷம் கட்டியவர் பாஞ்சாலி வேஷக்காரரின் காலைத் தொட்டுக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். தூங்கிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் எழுந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அம்மாவுக்கு சாமி வந்து இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். இதைப் பற்றி ஆய்வாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள், சடங்கும் நாடகமும் கலக்கும் புள்ளி என்றெல்லாம். நான் பார்த்ததில் எனக்கு வேறொன்று உறுத்தியது. சபைக்கு வந்த பாஞ்சாலி ஒரு கேள்வி கேட்கிறாள். தன்னையே வைத்துத் தோற்றுப்போனவனுக்கு, அதற்குப் பிறகு என்னை வைத்து ஆட என்ன உரிமை இருந்தது? பீஷ்மர் உட்பட யாரிடமும் பதில் இல்லாத கேள்வி. நாடகம் மொத்தமும் தொங்குகிற ஆணி அது. அன்றைக்கு அந்தக் கேள்வி என் காதில் விழவே இல்லை. பாஞ்சாலி வேஷக்காரர் தரையில் விழுந்து புரண்டு கதறினார், பெட்டியும் முகவீணையும் உச்சத்தில் இருந்தன, கேள்வி அழுகைக்குள் எங்கேயோ கரைந்துபோயிற்று. எல்லாவற்றையும் நான்கு தடவை சொல்லும் நாடகம் இதை ஒரு தடவை, அதுவும் கேட்காதபடி சொன்னது. கட்டியக்காரனுக்கு நாற்பது நிமிஷம், பாஞ்சாலிக்கு ஒரு நிமிஷம்.

ஆண் நடித்ததால்தான் இப்படி என்று சொல்ல மாட்டேன். பாஞ்சாலி வேஷம் கட்டி ஊரையே கட்டிப்போட்ட ஆண்கள் இந்தப் பக்கம் நிறைய இருந்திருக்கிறார்கள். ஆனால் பெண்கள் இந்த ஆட்டத்துக்குள் வந்தால் என்ன ஆகும் என்பதைக் காஞ்சிபுரத்துக்காரன் என்ற முறையில் கொஞ்சம் பார்த்திருக்கிறேன். பெருங்கட்டூர் ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் சேர்ந்து 1990இல் கலைஞர்களைத் திரட்டிக் கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஊரை ஒட்டிய புஞ்சரசந்தாங்கலில் அவர்கள் நடத்திய குருகுலத்தில் 2002 முதல் 2020 வரை பிள்ளைகள் பள்ளிப் படிப்போடு கூத்தும் கற்றார்கள். பெண் பிள்ளைகளும். அங்கே ஒரு முறை பார்த்த துரியோதனனை மறக்க முடியாது. பதினைந்து வயசு இருக்கும். திரைக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்ததும் பக்கத்திலிருந்தவர் "பொண்ணா அது?" என்றார், கொஞ்சம் பயந்தது போல. அங்கே படித்த திலகவதி பழனி பெண்களை வைத்தே ஒரு குழு நடத்துகிறார். ஆனால் ராத்திரி முழுக்க வெளியே இருக்க வேண்டிய தொழில் இது. கல்யாணத்துக்குப் பிறகும் தொடர்வதற்கு வீட்டில் ஒவ்வொரு நாளும் ஒரு பாரதப் போர் நடத்த வேண்டும். கோடைதான் இவர்களுக்கெல்லாம் சம்பாத்தியக் காலம். 2020, 2021 இரண்டு கோடைகளையும் கொரோனா எடுத்துக்கொண்டது. அந்த இடைவெளியில் வேறு வேலைக்குப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று கம்பெனிக்காரர்களைக் கேட்டால், விரல் விட்டுப் பெயர் சொல்கிறார்கள்.

கர்ண மோட்சம் இரவுக்கு வருகிறேன். எங்கள் பக்கம் பதினாறாம் நாள் காரியத்துக்குக்கூட இந்த நாடகத்தை வைப்பார்கள், செத்தவருக்கு மோட்சம் கிடைக்கும் என்று. அதனால் எல்லாருக்கும் மனப்பாடம். இதில் வியாசரிடம் இல்லாத ஒருத்தி வருகிறாள், கர்ணனின் மனைவி பொன்னுருவி. போருக்குப் போவதற்கு முன் அவளிடம் சொல்லிக்கொண்டு போக வருகிறான் கர்ணன். தேரோட்டி மகன், கீழ்ப் பிறப்பு என்று அவள் அவனை முகம் கொடுத்துப் பார்ப்பதில்லை. இருவருக்கும் நீண்ட தர்க்கம் நடக்கிறது. கடைசியில் தான் குந்தியின் மகன் என்ற ரகசியத்தை அவன் சொல்ல, அவள் மனம் மாறுகிறாள். நினைத்துப் பார்த்தால் கோழைத்தனமான தீர்வு இது. அவள் கேட்டது சாதி. அவன் கொடுத்ததும் சாதிதான். க்ஷத்திரியன் என்று தெரிந்ததும் புருஷன் ஆகிவிட்டான். தேரோட்டி மகனாகவே இருந்திருந்தால்? நாடகம் அந்த இடத்தில் பேசாமல் நகர்ந்துவிடுகிறது. அன்றைக்கு மைதானத்தில் யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதைக் கவனித்திருந்ததால் எனக்கு இது இன்னும் உறைத்தது. திருவிழாவுக்கு எல்லாரும் வரலாம் என்றுதான் சொல்கிறார்கள். ஆனாலும் காலனிக்காரர்கள் வந்து பாய் விரித்த இடம் டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம். யாரும் அங்கே போகச் சொல்லவில்லை. யாருக்கும் சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

இவ்வளவு யோசனையோடு உட்கார்ந்திருந்த என்னை அந்தக் கர்ணன் வேஷக்காரர் ஒரே இடத்தில் கவிழ்த்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தர்க்கம் முற்றி, ரகசியத்தைச் சொல்ல வேண்டிய இடம். பின்பாட்டு ஓய்ந்தது. அவர் பேசவில்லை. கிரீடத்தின் கண்ணாடித் துண்டுகள் டியூப்லைட்டில் மினுங்க, பொன்னுருவியைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். மிருதங்கக்காரர் ஒரு தட்டுத் தட்டினார். அப்போதும் பேசவில்லை. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, சொல்லவே பிடிக்காதவர் போலத் தன் பிறப்பைச் சொன்னார். அந்த மௌனத்தில் நாடகம் தலைகீழாகத் திரும்பியது. இவன் ரகசியத்தைச் சொல்லிக் காரியம் சாதிப்பவன் இல்லை. தேரோட்டி மகனாகவே தன்னை ஏற்றுக்கொள்வாளா என்று கடைசி நொடி வரைக்கும் காத்திருந்தவன். பிரதியில் இல்லாத நியாயத்தை ஒரு நடிகர் சும்மா நின்றே கொண்டுவந்துவிட்டார் என்று நினைத்தேன். எனக்குத் தொண்டை அடைத்தது. சரியாக அந்த நேரம் பார்த்து, பால் சொசைட்டி தலைவர் இருநூறு ரூபாய் அன்பளிப்பு வழங்கியதாக மைக்கில் அறிவித்தார்கள்.

விடிந்ததும் டீக்கடையில் அவரைப் பார்த்தேன். பாதி அரிதாரம் காதோரத்தில் ஒட்டியிருந்தது. "எப்டி சார் இருந்துச்சி?" என்று கேட்டார். "சூப்பர்ணா" என்றேன். அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "ரெண்டாவது திரையில சுருதி போயிடுச்சே, கவனிச்சீங்களா?" என்றார். நான் கவனிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்த ஊர்ப் பெரியவர் "ஆமாம்பா, போச்சி" என்றார். அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும்தான் பேசினார்கள். முன்பு வந்த வேறொரு கம்பெனியின் கர்ணன், அவர் அம்பு பட்டு விழுந்த விதம், இவர் விழுந்த விதம், பெட்டிக்காரர் புதுசு என்பதால் வந்த கோளாறு. கால் மணி நேரம் துல்லியமான விமர்சனம். நான் டீயைக் குடித்துக்கொண்டு நின்றேன்.

அப்பா ஒருபோதும் ஒரு புடவையைப் பார்த்து நல்லாயிருக்கு என்று சொல்லி நான் கேட்டதில்லை. யார் நெய்ததைக் காட்டினாலும் முதலில் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைப் பார்ப்பார். கோர்வை போட்ட இடத்தில், கரையும் உடலும் சேர்கிற இடத்தில், விரலை ஓட்டுவார். அது அவர் மரியாதை. கடைக்கு வருகிறவர்கள்தான் முந்தானையைப் பார்த்து சூப்பர் என்பார்கள்.

பதினெட்டாம் போர் இரவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாடகம் சுமார். எல்லாருக்கும் களைப்பு. பத்தாவது இரவு, குரல்கள் கட்டியிருந்தன. நடுவில் இளைஞர்களை முழிக்க வைக்க இரண்டு சினிமாப் பாட்டு போட்டார்கள், அவர்கள் முழித்துக்கொண்டு ஆடிவிட்டுத் திரும்பப் படுத்தார்கள். ஆனால் விடிந்ததும் மைதானத்தில் படுகளம். மண்ணால் செய்த துரியோதனன், பல ஆள் நீளத்துக்கு மல்லாந்து கிடக்கிறான். அவன் உடம்பின் மேலேயும் சுற்றியும் பீமனும் துரியோதனனும் துரத்திக்கொண்டு ஓடுகிறார்கள். டியூப்லைட்டில் ராஜாக்களாக இருந்தவர்களின் முகத்தில் வெயிலில் வியர்வைக் கோடு தெரிகிறது. பீமன் தொடையில் அடித்ததும் சிவப்பு வழிய, அதைத் தொட்டுப் பாஞ்சாலி கூந்தல் முடிகிறாள். செத்த துரியோதனனுக்காக ஒப்பாரி வைத்துக்கொண்டு முறமும் துடைப்பமுமாக வருகிற வேஷத்திடம் ஜனங்கள் வரிசையாகப் போய் அடி வாங்கிக்கொள்கிறார்கள். மண் உடம்பிலிருந்து ஒரு பிடி பிய்த்து முந்தானையில் முடிந்துகொள்கிறார்கள். எல்லார் கையிலும் செல்போன். மேலே ஒரு டிரோன். யூடியூபில் நேரலை. கூத்துச் சேனல்களில் முழு இரவும் அப்படியே ஏற்றப்பட்டு ஆறு, ஏழு மணி நேர வீடியோக்களாகக் கிடக்கின்றன. அழிந்துவரும் கலைக்கு இவ்வளவு பெரிய ஃபைலா என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டம் கலைந்த பிறகு தார்ப்பாய் மறைப்புக்குப் போனேன். கர்ணனாக ஆடியவர் தேங்காய் எண்ணெய் தடவி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்த முறை தயாராகப் போயிருந்தேன். பகடை துகில் அன்று பாஞ்சாலி கேட்கிற கேள்வி எனக்குக் கேட்கவே இல்லை என்றேன். "எப்டி கேக்கும்?" என்றார். "மைக்கு மேல தொங்குது. அவன் கீழ உழுந்து புரள்றான். நின்னு கேளுடான்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன். உழுந்தாதான் ஜனம் அழுவுதுன்றான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு மைக்க கீழ வெக்கலாம்தான், சலங்க சத்தம் ஏறிடும்" என்றார். நான் யோசித்திருந்த ஆண், பெண், பிரதி எதுவும் அந்தப் பதிலில் இல்லை.

பிறகு மெதுவாக, கர்ண மோட்சத்தில் பொன்னுருவியிடம் ரகசியம் சொல்வதற்கு முன் அவர் நின்ற அந்த நிற்பைப் பற்றிச் சொன்னேன். எனக்கு அது எப்படிப் பட்டது, கர்ணன் ஏன் சொல்லத் தயங்கினான், சொல்லாமலே அவள் ஏற்றுக்கொண்டிருந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கும் தோன்றியது, எல்லாவற்றையும். அவர் துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கன்னம் கர்ணனாகவும் ஒரு கன்னம் அவராகவும் இருந்தது.

"அது அடி மறந்துபோச்சி சார்" என்றார். "மிருதங்கத்துக்காரன் எடுத்துக் குடுத்தான் பாருங்க, அப்பதான் வந்துச்சி."

நான் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். அவர் துணியை மடித்து இன்னொரு கன்னத்தைத் துடைக்கத் தொடங்கினார். நடுவில் நிறுத்தி, "நெஜமாவே நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று கேட்டார். அரை நிமிஷம் இருக்கும் என்றேன். "அரை நிமிசமா" என்று சொல்லிக்கொண்டே, மிருதங்கத்தை உறையில் போட்டுக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டார். "யோவ், வெள்ளிக்கெழம அந்த எடத்துல நீ எடுத்துக் குடுக்காத. நானா சொல்றேன்."